மாலத்தீவு போகிற வழியில்

திருவனந்தபுரத்தில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஷஹ்லா அன்று காலையில் தேங்காப்பட்டணத்தில் பஸ் ஏறினாள். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வாரமாகத் தலைவலி, எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று மாமியாரிடம் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளுக்கே தலை வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

"திருவந்திரத்துக்கு ஒத்தைக்கா போவ? நானும் வரட்டா மக்களே?" என்று மைமூன் பீவி வாசல்வரை வந்து கேட்டாள்.

"ஒங்களுக்கு முட்டுவலி மாமி. பஸ்ஸுல ஏறி எறங்க முடியாது. சாயங்காலம் வந்திருவேன்."

"செரி, பாத்துப் போ. ஒண்ணும் தின்னாம போற."

அதற்கு மேல் நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஷஹ்லா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அவளுடைய புருஷன் ஷமீர் மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் தந்தூரி அடுப்பில் நிற்கிறவன். அந்த ஹோட்டல்காரர்களுக்கு மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டும் உண்டு. சீசன் தொடங்குகிறது, அங்கே ஆள் வேண்டும் என்று அவனை மாற்றிவிட்டார்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து சேருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். முதலில் போய்ச் சேர், லீவை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒன்று மட்டும் வாய்த்தது. மாலத்தீவு போகிற வழியில் திருவனந்தபுரத்தில் இறங்கி வேறு விமானம் ஏறவேண்டும். காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் அடுத்தது. நடுவில் ஒரு பகல் கிடைக்கும்.

"நீ மட்டும் வா," என்றான் போனில். "உம்மாக்கிட்ட சொல்லாண்டாம்."

போன தடவை அவன் புறப்படும்போது வேன் பிடித்து வீடே ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தது. அவன் உள்ளே நுழையப்போகிற நேரத்தில் மைமூன் பீவி மயங்கி விழுந்தாள். அவளைப் பெட்டி தள்ளுகிற வண்டியிலேயே உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். போலீஸ்காரன் டிக்கெட்டைக் காட்டு, உள்ளே போ என்று விரட்ட, ஷமீர் உம்மாவின் கண் திறக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். அதை இன்னொரு முறை பார்க்க முடியாது என்றான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து அவர்கள் இரண்டு மாதம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. அந்த நாட்களும் விருந்து, விருந்துக்கு மறுவிருந்து, வீடு நிறைய ஆள் என்று போய்விட்டது. தேங்காப்பட்டணத்துத் தெருவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததே கிடையாது. அவன் முன்னால் போவான், அவள் மாமியாரோடு பின்னால் வருவாள். பத்து எட்டு வைப்பதற்குள் யாராவது அவனைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அவன் போய்விட்டான், வருஷம் இரண்டு ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அவன் எல்லோருக்குமானவன். திருவனந்தபுரத்தில் யாருக்கும் அவர்களைத் தெரியாது.

இரண்டு வாரமாகத் தூங்கப் போகிற நேரமெல்லாம் அந்த ஒரு பகலைத்தான் இருவரும் போனில் எழுதி எழுதி அடுக்கினார்கள். மியூசியம் தோட்டத்தில் நடக்க வேண்டும். நல்ல பிரியாணி சாப்பிட வேண்டும். சாலை என்கிற கடைத்தெருவில் சும்மா சுற்ற வேண்டும். ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் இரண்டு பேர் மட்டும் நிற்கிற ஒரு போட்டோ எடுக்க வேண்டும். கல்யாணப் போட்டோக்களில் எதிலும் அவர்கள் தனியாக இல்லை.

விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

ஷஹ்லா வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பர்தாவுக்குள் புதுப் பச்சைச் சுடிதார் வேர்வையில் ஒட்டியது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய ஆள் வெளியே வந்தான். ஒவ்வொரு கால்மணி நேரம் போகும்போதும் அவள் மனதுக்குள் அடுக்கி வைத்ததில் ஒன்று கழன்று விழுந்தது. முதலில் மியூசியம் போனது. பிறகு பிரியாணி.

கடைசியில் ஒரு பெரிய நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஷமீர் வந்தான். அவள் கையை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனை உயரமா இவன் என்றுதான் தோன்றியது. போனில் அவனுக்கு முகம் மட்டும்தான் இருந்தது. இப்போது கையும் தோளும் நடையுமாக முழு ஆள் வந்து முன்னால் நின்றான்.

"மெலிஞ்சிட்டீங்க," என்றாள்.

"நீ அப்படியே இருக்க." பிறகு அதையும் இதையும் பார்த்துவிட்டுக் கேட்டான். "ரொம்ப நேரம் நின்னியா?"

"இல்ல. இப்பம்தான்."

இரண்டு மணிக்கு அவன் திரும்ப உள்ளே போய்விட வேண்டும். வாசலில் ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கிழக்கேகோட்டைக்குப் போகச் சொன்னார்கள். பெட்டியைப் பின்னால் வைக்க இடமில்லை. அது இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அவன் பெட்டிக்கு மேலாக அவளைப் பார்த்தான், அவள் பெட்டிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். முதலில் அவள்தான் சிரித்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது.

கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் இறங்கி நடந்தார்கள். ஒரு கையில் அவன் பெட்டியை இழுத்தான். கல் பாவின தரையில் அதன் சக்கரச் சத்தம் கடகடவென்று தெரு முழுவதும் கேட்டது. இன்னொரு கையை அவள் பக்கம் நீட்டினான். பட்டப்பகலில், நடுத்தெருவில், ஆள் நடமாட்டத்துக்கு மத்தியில் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவரும் பார்க்கவில்லை. லாட்டரிச் சீட்டு விற்கிறவன் ஒருவன் மட்டும் ஒரு சீட்டை நீட்டிவிட்டு, அவர்கள் வாங்கவில்லை என்றதும் அடுத்த ஆளைத் தேடிப் போனான்.

அவன் மணிக்கட்டுக்கு மேலே தோல் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என்னது?"

"அடுப்புக்குள்ள கைய விட்டு ரொட்டி எடுக்கணும்லா. எல்லாவனுக்கும் இருக்கும்."

"எனக்கிட்ட சொல்லல்ல."

"சொல்லி என்ன செய்ய. நீ அங்க இருந்து ஊதவா போற?"

ஒரு தெருவை முடித்துத் திரும்பி, வந்த வழியே மறுபடி நடந்தார்கள். எங்கேயும் போக வேண்டும் என்று அவளுக்கு இல்லை. இப்படியே குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் போதும். ஒரு கடையில் டீ குடித்தார்கள். அவன் தன் கிளாஸில் பாதி இருக்கும்போதே அவளுடையதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஊரில் அவன் இப்படிச் செய்வான் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது.

பிறகு ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். அவளுக்கு ஒரு கைக்கடிகாரம், அத்தர், மிட்டாய் டப்பா. அடியிலிருந்து ஒரு கம்பளிப் போர்வையும், இரண்டு புட்டி முட்டுவலித் தைலமும், பேரீச்சம்பழமும் எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"இது உம்மாக்கு. யாராவது ஊருக்கு வந்தவங்க கொண்டு தந்தாங்கன்னு சொல்லு."

"யாரு தந்தான்னு கேட்டா?"

"வாயில வந்த ஒரு பேரச் சொல்லேன்."

ஷஹ்லா தைலப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். நானும் வரட்டா மக்களே என்று காலையில் கேட்ட குரல் ஏதோ இப்போதுதான் காதில் விழுகிற மாதிரி இருந்தது. தினமும் ராத்திரி போனில் மகன் பேசி முடித்து வைத்த பிறகும் அந்தக் கிழவி போனைத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். இருட்டிப்போன கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். தாங்க என்று ஷஹ்லா வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள், தன் பங்குக்குப் பேச. அந்த முகம் நினைவில் வந்த பிறகு அத்தரின் மணமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மாமிய கூப்பிடுங்க," என்றாள்.

"எங்க?"

"எங்கயாவது. பாதி வழிக்கு வரட்டு. நாமளும் பாதி வழி போலாம்."

ஷமீர் அவளை நம்ப முடியாமல் பார்த்தான். "ஏட்டி, நமக்கு இருக்கது ரெண்டரை மணிக்கூர். அதையும் பங்கு வைக்கணுமா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா?" என்றாள். "ஒரு நாளாவது ஒங்கள எனக்கு மட்டும்னு வச்சுக்கிடணும்னுதான் நானும் வந்தேன். ஆனா இத எப்படி அவங்க கையில கொண்டு குடுப்பேன்? குடுத்துட்டு எப்படி அந்த வீட்டுல இருப்பேன்? நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நான்தான் அங்க இருக்கணும்."

ஷமீர் பெட்டியை மூடினான். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு போனை எடுத்தான்.

"உம்மா, நான் திருவந்திரத்துல நிக்கேன்."

மாலத்தீவு, விமானம், சாயங்காலம் என்று அவன் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனான். எல்லாம் சொல்லி முடிந்ததும் மைமூன் பீவி ஒன்றுதான் கேட்டாள். பக்கத்தில் இருந்த ஷஹ்லாவுக்கும் அது கேட்டது.

"ஷஹ்லா ஒனக்க கூடயா நிக்கா?"

"ஆமா உம்மா."

"செரி. எங்க வரணும்?"

ஏர்போர்ட்டிலிருந்து தெற்கே வருகிற புது நாலுவழிச் சாலை தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், காரோடு என்கிற ஊரில், முடிகிறது. அதற்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் வேலை நடந்துகொண்டே இருக்கிறது, வெறும் மண்மேடுதான். பக்கத்து வீட்டு ஜக்கரியாவிடம் ஆட்டோ இருந்தது. அவர் உம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவதென்றும், இவர்கள் ஒரு டாக்ஸியில் போவதென்றும் பேச்சாயிற்று.

டாக்ஸியில் பெட்டி பின்னால் போய்விட்டது. நடுவில் ஒன்றும் இல்லை. சாலை எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. போய்ச் சேருகிற அந்த முக்கால் மணி நேரமாவது எங்களுடையது என்று ஷஹ்லா நினைத்தாள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அதில் எதை முதலில் சொல்வது என்று யோசித்தபடி அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். முந்தின ராத்திரி அவள் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை.

கண் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. வெளியே வெயில். தூரத்தில் பாதி கட்டின பாலத்தின் தூண்கள் மண்ணுக்கு நடுவே நின்றன.

"வந்தாச்சா?" என்றாள். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னை ஏன் எழுப்பல்ல? அவ்வளவு நேரமும் தூங்கிட்டனே."

"எழுப்பணும்னுதான் நெனச்சேன்," என்றான் ஷமீர். "நீ தூங்கி நான் பாத்து எவ்வளவு நாளாச்சு."

சாலையோரம் ஒரு அயனி மரத்தடியில் ஜக்கரியாவின் ஆட்டோ நின்றது. மைமூன் பீவி இறங்காமல் உள்ளேயே இருந்தாள். மடியில் ஒரு துண்டு, துண்டின்மேல் ஒரு மண்சட்டி. போன் வந்த நேரத்தில் அடுப்பில் என்ன கிடந்ததோ அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவித்த மரச்சீனிக் கிழங்கை ஒரு சருவத்தில் தட்டி, மீன்குழம்பைச் சட்டியோடு எடுத்து வந்ததில், வழியெல்லாம் குலுங்கிக் குழம்பு அவள் உடுப்பில் வடிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

ஷமீர் ஆட்டோவுக்குள் தலையை விட்டு அவளைக் கட்டிக்கொண்டான். அவள் அழுவாள், மயங்குவாள் என்று ஷஹ்லா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மைமூன் பீவி அழவில்லை. மகனுடைய தலையையும் கன்னத்தையும் காதையும் தடவித் தடவிப் பார்த்தாள், சந்தையில் காய் எடுக்கிற மாதிரி.

"தின்னு," என்றாள். "சூடு ஆறல்ல."

அவன் உம்மாவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, சருவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, மரச்சீனியைக் குழம்பில் முக்கித் தின்றான். அவசர அவசரமாகத் தின்றான். ஜக்கரியா பீடி குடிக்கப் போகிறேன் என்று தள்ளிப் போய்விட்டார். ஷஹ்லா மரத்தடியில் நின்றாள். மாமியார் இதுவரை அவளைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா," என்றாள் மைமூன் பீவி மகனிடம். "எனக்கிட்ட சொல்லாண்டாம்னு யாரு சொன்னா?"

"நான்தான் உம்மா. போன தடவ நீங்க மயங்கி விழுந்தீங்க. எனக்குப் பயமா இருந்து."

"மயங்குனா மயங்கட்டு. மயங்கி விழுந்தவ எழும்ப மாட்டாளா? அதுக்குப் பயந்து நான் உன்னப் பாக்காமலே இருக்கணுமா?" அவள் குரல் உயரவில்லை. "சொல்லியிருந்தா நான் வரல்லன்னுதான் சொல்லியிருப்பேன். சின்னஞ்சிறுசுக, போயிட்டு வரட்டும்னு இருந்திருப்பேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பாவது தந்திருக்கலாம்லா."

அவன் தின்பதை நிறுத்திவிட்டான். ஷஹ்லாவுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் மைமூன் பீவி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னத்துக்கு வெயில்ல நிக்க. வா, நீயும் தின்னு. காலையில ஒண்ணும் தின்னாமத்தானே போன."

ஷஹ்லா வந்து ஆட்டோவின் படியில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் ஒரே சருவத்தில் கை வைத்துத் தின்றார்கள். மீன் முள்ளை எடுத்து எடுத்து மைமூன் பீவி இருவர் பக்கமும் சதையைத் தள்ளினாள். ரிசார்ட்டில் ரூம் தனியாக உண்டா, கடலுக்கு நடுவில் இருக்கிற தீவா, அங்கே பள்ளிவாசல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் முஸ்லிம்கள் ஊர்தான் உம்மா என்றதும் கொஞ்சம் தெளிந்தாள்.

டாக்ஸிக்காரர் மணியைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் ஏதோ சொன்னார். ஷமீர் கை கழுவி, போர்வையையும் தைலத்தையும் பேரீச்சம்பழத்தையும் டாக்ஸியிலிருந்து எடுத்து வந்து உம்மாவின் பக்கத்தில் வைத்தான்.

"நீங்களும் வண்டியில ஏறுங்க உம்மா. ஏர்போர்ட் வரைக்கும் மூணு பேருமாப் போலாம். திரும்பி ஷஹ்லாகூட பஸ்ஸுல வந்திரலாம்."

"நான் வரல்ல. அந்த வாசலப் பாத்தா எனக்கு மறுபடி அந்த வெப்ராளமும் மயக்கமும் வரும். இங்க வச்சே போ." அவள் ஷஹ்லாவைப் பார்த்தாள். "நீ போ. கூட இருந்து ஏத்தி விட்டுட்டு வா."

"மாமி..."

"போன்னா போ மக்களே. பேசி நேரத்தக் களையாத."

வண்டி திரும்பும்போது ஷமீர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். மரத்தடியில் ஆட்டோ சின்னதாகிப் போனது. அதற்குப் பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். அவன் அழுது ஷஹ்லா இதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவன் முதுகில் கை வைத்துக்கொண்டாள். விழிஞ்ஞம் தாண்டி, திருவல்லம் தாண்டி, ஏர்போர்ட் பலகை கண்ணில் படும்வரைக்கும் அவர்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த அவ்வளவும் அப்படியே இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் தூங்கவில்லை. அவனுடைய மூச்சு ஏறி இறங்குவதுவரை ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் வரிசை நீளமாக இருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு அவன் வரிசையில் போய் நின்றான். அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் அவனோடு சேர்ந்து நகர்ந்தாள்.

"போட்டோ எடுக்கல்ல," என்றான் திடீரென்று ஞாபகம் வந்தவனாய்.

"அடுத்த தடவ எடுக்கலாம்."

"அடுத்த தடவ எப்பம்னு தெரியல்லியே ஷஹ்லா."

வரிசை நகர்ந்தது. பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தான். கடைசியாகத் திரும்பி என்னவோ சொன்னான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தின் இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை. என்ன என்று கையால் கேட்டாள். அதற்குள் பின்னால் இருந்தவர் தள்ள, அவன் உள்ளே போய்விட்டான்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஏறியபோது கூட்டம் அதிகம். பாலராமபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். பிறகு ஒரு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று வழியெல்லாம் நினைத்தாள். போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவான். கேட்க வேண்டாம் என்றும் தோன்றியது. போய்ச் சேர்ந்துவிட்டேன், ரூம் நன்றாக இருக்கிறது என்று ராத்திரி அவன் கூப்பிடுவான். மறுபடியும் முகம் மட்டும்தான் வரும்.

களியக்காவிளையில் இறங்கி அடுத்த பஸ்ஸைத் தேடினாள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஜக்கரியாவின் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. உள்ளே மைமூன் பீவி, மடியில் காலிச் சட்டியோடு.

"நீங்க இன்னும் வீட்டுக்குப் போகல்லியா மாமி?"

"போணும்னுதான் வந்தோம். ஒத்தைக்கு அந்த வீட்டுக்குள்ள ஏறத் தோணல்ல. நீயும் வா, ஒண்ணாப் போலாம்னு இருந்தேன். பிளேன் ஏறிட்டானா?"

"உள்ள போயிட்டாங்க."

ஷஹ்லா ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ புறப்பட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு மைமூன் பீவி கேட்டாள்.

"ரெண்டு பேரும் எங்கெல்லாம் போனிய?"

"கிழக்கேகோட்டையில ஒரு தெருவுல நடந்தோம் மாமி. டீ குடிச்சோம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நேரம் இல்ல."

மைமூன் பீவி வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒனக்க மாமா இருந்தப்போ அவருக்கு எப்பமும் கடலுதான். நானும் அவரும் ஒரு தெருவுல சேர்ந்து நடந்ததா எனக்கு நினைவே இல்ல," என்றாள். "நல்லா நடந்தியளா?"

"நடந்தோம் மாமி," என்று சொல்ல வாயெடுத்த ஷஹ்லாவுக்கு, காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. பர்தாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். மைமூன் பீவி அவளை அடக்கவில்லை. சட்டியைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, அவளைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"ஜக்கரியா, பையப் போ. வீட்டுல யாரும் காத்துட்டு இருக்கல்ல."